வேலையை விட்டு ஓடப் பார்த்தவர் நூலகத் துறையின் தந்தை ஆனது எப்படி? எஸ்.ஆர்.ரங்கநாதனின் கதை

ஷாப்பிங் ஆப்பைத் திறந்து புடவை என்று தேடுறீங்க. ஆயிரக்கணக்கில் வந்து கொட்டுகிறது. அடுத்து என்ன செய்வீங்க? ஃபில்டரைத் தட்டுவீங்க. பட்டு, மெரூன் கலர், 5,000 ரூபாய்க்குள், காஞ்சிபுரம். நாலு தட்டு, அவ்வளவுதான். ஆயிரம் இருந்த இடத்தில் இருபதுதான் நிற்கும்.

பொருளை ஒரே ஒரு பெட்டிக்குள் அடைக்காமல், அதன் ஒவ்வொரு குணத்தையும் தனித்தனியாகப் பிரித்து, தேவைப்படும்போது கோத்துத் தேடுவது. இந்த முறைக்கு இன்றைய டெக் உலகம் வைத்திருக்கும் பெயர் ஃபேசட் தேடல். கம்ப்யூட்டர் என்ற ஒன்று இந்தியாவில் எட்டிக்கூடப் பார்க்காத காலத்திலேயே, இதே யோசனையை வைத்துப் புத்தகங்களை அடுக்கிக் காட்டியவர் ஒரு தமிழர். சீர்காழியில் பிறந்த கணக்கு வாத்தியார். பெயர் எஸ்.ஆர்.ரங்கநாதன்.

இந்திய நூலகத் துறையின் தந்தை என்று போட்டித் தேர்வு கைடுகளில் ஒரு மார்க் கேள்வியாக இவரைப் படித்திருப்போம். அந்த ஒரு மார்க்குக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கை ரொம்பவே சுவாரஸ்யமானது. ஏனென்றால், இவருக்கு முதலில் நூலகர் வேலையே பிடிக்கவில்லை!

சீர்காழி முதல் சென்னை வரை

எஸ்.ஆர். என்பதன் விரிவு சீர்காழி ராமாமிர்தம். ஆங்கிலேயர் காலத்தில் சீர்காழியை ஷியாலி என்று எழுதினார்கள். அதனால் ஆங்கிலத்தில் அவர் ஷியாலி ராமாமிர்த ரங்கநாதன். பிறந்தது 1892 ஆகஸ்ட். திருஞானசம்பந்தர் பிறந்த அதே ஊர்தான். அன்று தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த சீர்காழி, இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது.

ரங்கநாதனுக்கு ஆறு வயதாகும்போதே அப்பா இறந்துவிட்டார். பள்ளிப் படிப்பு சீர்காழியில். சின்ன வயதில் அவருக்குத் திக்குவாய்ப் பிரச்சினையும் இருந்தது. பிறகு சென்னை கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்து, 1916-ல் கணிதத்தில் எம்.ஏ. முடித்தார். அங்கே பாடம் நடத்திய பேராசிரியர் எட்வர்ட் ராஸ் மீது அவருக்குப் பெரிய மரியாதை. இந்த ராஸ், கதையில் இன்னொரு முறை வருவார். பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பு முடிந்ததும் மங்களூர், கோயம்புத்தூர் அரசுக் கல்லூரிகளில் வேலை. 1921-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் கணித உதவிப் பேராசிரியர். திக்குவாயை வென்று வகுப்பில் நின்றவருக்கு, பாடம் நடத்துவதுதான் உயிர். ஆனால், கல்லூரி ஆசிரியர் சம்பளம் அன்று கையைக் கடிக்கிற சம்பளம்.

900 பேர் போட்டி... தேர்வானவருக்கே ஆச்சரியம்!

அந்த நேரத்தில்தான் சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் பதவி ஒன்றை உருவாக்கியது. நல்ல சம்பளம். சுமார் 900 பேர் விண்ணப்பித்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அவர்களில் நூலகப் பயிற்சி பெற்றவர் ஒருவர்கூட இல்லை. அப்படி ஒரு படிப்பு இருப்பதே இங்கே பெரிதாகத் தெரியாத காலம்.

ரங்கநாதனும் விண்ணப்பித்தார். போட்டதையே மறந்தும்விட்டார். இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தபோது, நூலகத் துறையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், சில நாள்களுக்கு முன்பு பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் படித்த ஒரு கட்டுரை மட்டும்தான். ஆனால், ஆய்வு அனுபவம் உள்ளவர்தான் வேண்டும் என்று பல்கலைக்கழகம் நினைத்தது. கணித வரலாறு பற்றி அவர் செய்திருந்த ஆய்வு கைகொடுத்தது. வேலை கிடைத்துவிட்டது. 1924 ஜனவரியில் பொறுப்பேற்றார்.

சேர்ந்த சில வாரங்களிலேயே வெறுத்துப்போனார். மாணவர்கள் நிறைந்த வகுப்பறையில் இருந்து வந்தவருக்கு, ஆள் நடமாட்டம் இல்லாத புத்தக அறை தண்டனையாகத் தெரிந்தது. எனக்கு இது வேண்டாம், பழைய வாத்தியார் வேலையையே கொடுங்கள் என்று நிர்வாகத்திடம் போய் நின்றார்.

நிர்வாகம் ஒரு டீல் பேசியது. முதலில் லண்டன் போய், அங்கே நூலகங்கள் எப்படி நடக்கின்றன என்று படித்துவிட்டு வாருங்கள். திரும்பி வந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால், கணிதப் பணி உங்களுக்குத்தான். ரங்கநாதன் சம்மதித்தார். அந்தப் பணியைக் கேட்டு அவர் திரும்பி வரவே இல்லை.

லண்டனில் பார்த்த பொம்மை

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் இருந்த நூலகப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே புத்தக வகைப்பாடு சொல்லிக் கொடுத்தவர் பெர்விக் சேயர்ஸ். கிராய்டன் நகர நூலகத்தின் தலைமை நூலகரும் அவர்தான். ரங்கநாதன் எடுத்த மதிப்பெண்கள் ஒன்றும் பிரமாதம் இல்லை. ஆனால், வகுப்புக்கு வெளியே அவர் வேறு ஒரு பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார். இங்கிலாந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை நேரில் போய்ப் பார்த்தார்.

இரண்டு விஷயங்கள் அவர் மனதில் தைத்தன. ஒன்று, அங்கே சாதாரணத் தொழிலாளிகூட நூலகத்துக்குள் வந்து, அலமாரியில் இருந்து தானே புத்தகத்தை எடுத்துப் பார்க்கிறார். இங்கே அப்படி இல்லை. துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும், ஊழியர் உள்ளே போய்த் தேடி எடுத்து வருவார், அல்லது இல்லை என்று சொல்லிவிடுவார்.

இரண்டாவது, புத்தகங்களை அடுக்கும் முறை. ஒவ்வொரு நூலகமும் ஒவ்வொரு மாதிரி அடுக்கியிருந்தது. பெரும்பாலும் டூயி முறை.

டூயி முறை என்றால்? அமெரிக்காவின் மெல்வில் டூயி 1876-ல் வெளியிட்ட வகைப்பாடு அது. உலக அறிவு மொத்தத்தையும் பத்துப் பெரிய பிரிவாகப் பிரிப்பார். ஒவ்வொன்றையும் மீண்டும் பத்தாக, அதையும் பத்தாக. ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு நம்பர். மரத்தின் கிளை, அதில் சிறு கிளை, அதில் இலை மாதிரி. எளிமையான முறை. அதனால்தான் உலகம் முழுக்கப் பரவியது.

ஆனால், அதில் இரண்டு சிக்கல்கள் இருந்தன. மரத்தை வரைந்தவர் எந்த ஊரில் உட்கார்ந்து வரைந்தாரோ, அந்த ஊர்தான் அதில் பெரிதாகத் தெரியும். சமயத்துக்கு டூயி ஒதுக்கியது 200 முதல் 299 வரை. அதில் 220 முதல் 280 வரையிலான பிரிவுகள் எல்லாம் கிறித்தவத்துக்கு. மற்ற சமயங்கள் அத்தனையும் 290-களுக்குள் நெருக்கி உட்கார வேண்டும். ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று மூன்று இலக்கத்தில் வேலை முடிந்துவிடும். தமிழ் இலக்கியத்துக்கு 894.811. இரண்டாயிரம் ஆண்டு இலக்கியம், புள்ளிக்குப் பின்னால் மூன்றாவது இலக்கத்தில்!

இதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. புதிதாக ஒரு துறை முளைத்தால், அதற்கு மரத்தில் தயாராகக் கிளை இருக்காது. இரண்டு மூன்று துறைகளைத் தொட்டுப் பேசும் புத்தகம் வந்தால், எந்தக் கிளையில் தொங்கவிடுவது? எங்கே வைத்தாலும் மற்ற இடத்தில் தேடுபவருக்கு அது கிடைக்காது.

இந்த யோசனையிலேயே சுற்றிக்கொண்டிருந்தவர், ஒருநாள் லண்டனின் செல்ஃப்ரிட்ஜஸ் கடைக்குப் போனார். அங்கே மெக்கானோ என்ற விளையாட்டு சாமானைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள். ஓட்டை போட்ட உலோகப் பட்டைகள், சின்னச் சக்கரங்கள், நட்டு, போல்ட்டு. அதே துண்டுகளை ஒரு மாதிரி கோத்தால் பொம்மை வண்டி, பிரித்து வேறு மாதிரி கோத்தால் கிரேன், இன்னொரு மாதிரி கோத்தால் பாலம்.

அந்த இடத்தில் ரங்கநாதனுக்குப் பொறி தட்டியது. தலைப்புகளையும் இப்படிச் செய்தால் என்ன? எல்லா நம்பரையும் முன்கூட்டியே எழுதி வைப்பதற்குப் பதில், சின்னச் சின்னத் துண்டுகளை மட்டும் கொடுத்துவிடலாம். எந்தப் புத்தகம் வந்தாலும் அதற்குத் தேவையான துண்டுகளை நூலகரே எடுத்துக் கோத்துக்கொள்ளட்டும். சரி, நட்டு, போல்ட்டு? அதற்கு அவர் எடுத்துக்கொண்டது கோலன் குறி. மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி. இப்படித்தான் கோலன் வகைப்பாடு பிறந்தது.

1925-ல் கப்பலில் ஊர் திரும்பும்போதே, கப்பலில் இருந்த நூலகத்தை வைத்து இந்த யோசனையைச் சோதித்துப் பார்த்துக்கொண்டு வந்தார்.

காஞ்சிபுரம் பட்டுப்புடவையும் ஐந்து கேள்விகளும்

கோலன் வகைப்பாட்டைப் புரிந்துகொள்ள ஓர் எளிய உதாரணம். 19-ஆம் நூற்றாண்டில் காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவை நெசவு எப்படி நடந்தது என்று ஒரு புத்தகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இதை எங்கே வைப்பது? கைத்தொழிலிலா, ஜவுளியிலா, தமிழ்நாட்டு வரலாற்றிலா?

எந்தத் தலைப்பாக இருந்தாலும் அதனிடம் ஐந்து கேள்விகள் கேட்கலாம் என்றார் ரங்கநாதன்.

முதல் கேள்வி, எதைப் பற்றியது? புடவை. 
இரண்டாவது, எந்தப் பொருளால் ஆனது? பட்டு. 
மூன்றாவது, என்ன செயல் நடக்கிறது? நெசவு. 
நான்காவது, எங்கே? காஞ்சிபுரம். 
ஐந்தாவது, எப்போது? 19-ஆம் நூற்றாண்டு.

நூலக அறிவியல் மாணவர்கள் பர்சனாலிட்டி, மேட்டர், எனர்ஜி, ஸ்பேஸ், டைம் என்று மனப்பாடம் செய்வது இந்த ஐந்தைத்தான். ஒவ்வொரு பதிலும் வைரத்தின் ஒரு பட்டை மாதிரி. ஃபேசட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் அதுதான் அர்த்தம். ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு நம்பர். ஐந்தையும் குறிகளால் கோத்தால், அந்தப் புத்தகத்தின் நம்பர் தயார்.

நூலகப் பாடங்களில் அடிக்கடி சொல்லப்படும் நிஜ உதாரணம் ஒன்று உண்டு. 1950-களில் இந்தியாவில், நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்ரே மூலம் சிகிச்சை தருவது பற்றி நடந்த ஆய்வு. மருத்துவத்துக்கு எல் என்ற ஆங்கில எழுத்து, நுரையீரலுக்கு 45, காசநோய்க்கு 421, சிகிச்சைக்கு 6, எக்ஸ்ரேவுக்கு 253, இந்தியாவுக்கு 44. பார்க்க வாட்ஸ்அப் பாஸ்வேர்டு மாதிரி நீளமாக இருக்கும். ஆனால், அந்த நம்பரைப் படிக்கத் தெரிந்தவருக்கு, புத்தகத்தைத் திறக்காமலேயே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இந்த முறையில் தமிழ் எங்கே போனது? திராவிட மொழிகளுக்கு 3, அதில் தமிழுக்கு 31. சமஸ்கிருதத்துக்கு 15, ஆங்கிலத்துக்கு 111. புள்ளிக்குப் பின்னால் ஒளிந்திருந்த தமிழ், இரண்டு இலக்கத்தில் முன்னால் வந்து நின்றது.

ஒரு புத்தகம், பல கதவுகள்

நம்பர் கொடுத்துவிட்டால் மட்டும் போதுமா? வாசகர் நம்பரைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அவருக்குத் தெரிந்தது ஏதோ ஒரு சொல். அந்தச் சொல்லில் இருந்து புத்தகத்துக்கு வழி காட்டுவதுதான் கேட்டலாக்கின் வேலை.

அன்று கேட்டலாக் என்றால் மர டிராயர்களில் வரிசையாகச் செருகிய அட்டைகள். ஒரு புத்தகத்துக்கு ஓர் அட்டை போட்டால் போதாது என்பதில் ரங்கநாதன் பிடிவாதமாக இருந்தார். ஆசிரியர் பெயருக்கு ஓர் அட்டை, தலைப்புக்கு ஓர் அட்டை, பொருளுக்கு அட்டை. உள்ளே ஓர் அத்தியாயம் மட்டும் வேறு விஷயத்தைப் பேசினால், அதைக் காட்டவும் தனி அட்டை.

பொருள் அட்டைக்கு எந்தெந்தச் சொற்களைப் போடுவது? இதற்கும் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வகைப்பாட்டு நம்பரைப் பின்னால் இருந்து ஒவ்வொரு கண்ணியாகக் கழற்றிக்கொண்டே வர வேண்டும். நுரையீரல் காசநோய்ப் புத்தகம் என்றால், காசநோய்க்கு ஒரு பதிவு, நுரையீரலுக்கு ஒரு பதிவு, மருத்துவத்துக்கு ஒரு பதிவு. வாசகர் எந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டு வந்தாலும், ஏதாவது ஒரு கண்ணியில் பிடித்து ஏறிவிடலாம். இதற்குச் சங்கிலி முறை என்று பெயர்.

இந்த வேலை எல்லாம் வாசகர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால், ஓர் அட்டை தவறினால், அலமாரியில் இருக்கும் புத்தகம் இல்லாத புத்தகம் ஆகிவிடும். ரங்கநாதன் வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். இருக்கிறது, ஆனால் கிடைக்காது என்ற நிலைமைக்கு எதிராக.

ஐந்தே ஐந்து விதிகள்

கணக்குப் படித்தவர் இல்லையா? இத்தனை நூலக வேலைக்கும் அடியில் சில அடிப்படை விதிகள் இருந்தே ஆக வேண்டும் என்று அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. பிடிதான் கிடைக்கவில்லை. 1928-ல் ஒருநாள், நூலகத்துக்கு வந்த பழைய பேராசிரியர் ராஸிடம் இதைச் சொல்லிப் புலம்பினார். கிளம்பும்போது ராஸ் போகிறபோக்கில் முதல் விதியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். மற்ற நான்கும் அதைத் தொட்டு வந்து விழுந்தன. 1931-ல் அது புத்தகமாக வந்தது.

விதிகள் என்ன? புத்தகம் இருப்பது பூட்டி வைக்க இல்லை, பயன்படுத்த. வாசகர் யாராக இருந்தாலும் அவருக்கான புத்தகம் அவருக்குக் கிடைக்க வேண்டும். எந்தப் புத்தகமாக இருந்தாலும் அதற்கான வாசகரை அது சென்று சேர வேண்டும். வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது. கடைசியாக, நூலகம் என்பது வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். இன்றைக்குச் சாதாரணமாகத் தெரிவதே இந்த விதிகளின் வெற்றிதான். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூலகப் புத்தகங்களைச் சங்கிலி போட்டு அலமாரியில் கட்டி வைத்தார்கள். இங்கேயோ யார் படிக்கலாம், யார் படிக்கக் கூடாது என்பதிலேயே காலம் காலமாகப் பூட்டு இருந்தது. அந்த நாட்டில், வாசகர் யாராக இருந்தாலும் என்று ஒருவர் விதி எழுதினால், அது வெறும் நூலக விதி மட்டும்தானா?

விதியைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்

ரங்கநாதன் பொறுப்பேற்றபோது பல்கலைக்கழக நூலகம் எழும்பூர் கன்னிமாரா கட்டடத்தில் இயங்கியது. 1936-ல் மெரினா கடற்கரை எதிரே இன்றிருக்கும் சொந்தக் கட்டடத்துக்கு மாறியது. அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார். தேடி வருபவருக்கு உட்கார்ந்து உதவி செய்யும் சேவையைத் தொடங்கினார். நூலகர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று 1929-ல் கோடைக்காலப் பள்ளி ஆரம்பித்தார்.

1928-ல் உருவான சென்னை நூலகச் சங்கத்துக்குப் பின்னால் நின்றவரும் அவர்தான். அந்த இயக்கத்தின் வேகத்தில் பிறந்த ஓர் அழகான விஷயம், மன்னார்குடி மாட்டு வண்டி நூலகம். 1931-ல் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தக அலமாரிகளைப் பொருத்தி, கிராமம் கிராமமாக அனுப்பினார். புத்தகத்தைத் தேடி வாசகர் வர முடியாவிட்டால், வாசகரைத் தேடிப் புத்தகம் போகட்டும்!

ஆனால், நல்ல மனசை மட்டும் நம்பி நூலகம் நடக்காது, சட்டமும் பணமும் வேண்டும் என்று ரங்கநாதனுக்குத் தெரியும். 1930-லேயே நூலகச் சட்டத்துக்கு ஒரு மாதிரி வரைவை எழுதினார். 18 ஆண்டுகள் கழித்து, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-ல் மதராஸ் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. இன்றைக்கும் தமிழ்நாட்டில் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். அதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

லீவே போடாத மனிதர்

சென்னையில் இருந்த சுமார் 20 ஆண்டுகளில் அவர் விடுமுறையே எடுத்ததில்லை என்று சொல்வார்கள். இதைப் பெருமையாகச் சொல்வது வழக்கம். ஆனால், அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு.

முதல் மனைவி ருக்மிணி, 1928-ல் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் குளத்தில் நேர்ந்த விபத்தில் இறந்தார். அடுத்த ஆண்டு சாரதாவை மணந்துகொண்டார் ரங்கநாதன். திருமணம் நடந்த அன்றைக்கே, சடங்கு முடிந்ததும் நூலகத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். வொர்க் லைஃப் பேலன்ஸ் பற்றிப் பேசும் இன்றைய தலைமுறைக்கு இது பகீர் என்றுதான் இருக்கும். இருக்கவும் வேண்டும். 1933-ல் கோலன் வகைப்பாடு, 1934-ல் கேட்டலாக் விதிகள், 1935-ல் நூலக நிர்வாகம், 1937-ல் வகைப்பாட்டுக் கோட்பாடு என்று அடுத்தடுத்து புத்தகங்கள் வந்தபோது, வீட்டில் யாரோ ஒருவர் அதற்கான விலையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவு உழைத்த இடத்தில் இருந்து அவர் சந்தோஷமாக வெளியேறவும் இல்லை. பல்கலைக்கழக நிர்வாகத்தோடு ஏற்பட்ட மோதல் முற்றி, பணியை விட்டார். மனம் உடைந்துபோனார். இத்தோடு முடிந்தது என்று நினைத்த நேரத்தில், காசி இந்து பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராக இருந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் அழைத்தார். 1945-ல் காசிக்குப் போனார். 50 வயதைத் தாண்டியவர், அங்கே இருந்த சுமார் 1 லட்சம் புத்தகங்களைத் தனி ஆளாக வகைப்படுத்திக் கேட்டலாக் செய்தார் என்பது துறையில் இன்றும் ஆச்சரியமாகச் சொல்லப்படும் செய்தி.

1947-ல் டெல்லிப் பல்கலைக்கழகம். பிறகு இரண்டு ஆண்டுகள் சுவிட்சர்லாந்தின் சூரிச். 1957-ல் பத்மஸ்ரீ. 1962-ல் பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் ஆவணப்படுத்தல் ஆய்வு, பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1965-ல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர். இதற்கு நடுவே கணிதத்தையும் அவர் மறக்கவில்லை. 1967-ல் கணிதமேதை ராமானுஜன் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்.

ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மனக்கசப்போடு எந்தப் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினாரோ, அதே சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1956-ல் தன் சேமிப்பில் இருந்து 1 லட்சம் ரூபாயைக் கொடுத்தார். நூலக அறிவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி உருவாக்க. அந்தப் பதவிக்கு அவர் வைத்தது தன் பெயரை மட்டும் இல்லை. சாரதா ரங்கநாதன் என்று மனைவியின் பெயரையும் சேர்த்து வைத்தார்.

1972 செப்டம்பர் 27-ல் பெங்களூரில் இறந்தார். வயது 80.

அவர் முறை ஜெயித்ததா, தோற்றதா?

நேர்மையாகச் சொன்னால், அலமாரியில் டூயிதான் ஜெயித்தார். இந்தியாவிலேயே பெரும்பாலான நூலகங்கள் இன்று பயன்படுத்துவது டூயி முறையைத்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. கோலன் நம்பர்கள் நீளம், படிக்கக் கஷ்டம். புத்தக முதுகில் ஒட்டும் சின்ன லேபிளில் அவ்வளவு எழுதவே இடம் போதாது. அதோடு, ரங்கநாதன் தன் முறையைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1933-க்கும் 1960-க்கும் நடுவே ஆறு பதிப்புகள். ஒவ்வொரு முறையும் விதி மாறினால், ஏற்கெனவே நம்பர் ஒட்டிய ஆயிரக்கணக்கான புத்தகங்களை என்ன செய்வது? ஏழாம் பதிப்பு 1987-ல், அவர் இறந்து 15 ஆண்டுகள் கழித்துதான் வந்தது.

அடிப்படையான தடை இன்னொன்று. ஒரு புத்தகத்துக்கு ஐந்து பட்டைகள் இருக்கலாம். ஆனால், அலமாரியில் அது ஓரிடத்தில்தான் நிற்க முடியும். மரத்தாலான அலமாரி, ரங்கநாதனின் யோசனைக்குச் சின்னதாக இருந்தது.

ஆனால், யோசனை நிற்கவில்லை. 1952-ல் லண்டனில் கூடிய வகைப்பாட்டு ஆய்வுக் குழு, இனி தகவல் தேடலுக்கு ஃபேசட் முறைதான் அடித்தளம் என்ற முடிவுக்கு 1955-ல் வந்தது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. கம்ப்யூட்டருக்கு அலமாரி கிடையாது. ஒரே பொருளைப் பட்டு என்று தேடுபவருக்கும் காட்டலாம், காஞ்சிபுரம் என்று தேடுபவருக்கும் காட்டலாம். மேட்ரிமோனி சைட், வேலை தேடும் போர்ட்டல், வீடு வாடகைக்குத் தேடும் ஆப் எல்லாவற்றிலும் இடது ஓரத்தில் வரிசையாக நிற்கும் அந்த டிக் பெட்டிகள், அவர் பிரித்துக் காட்டிய பட்டைகளின் வழியில் வந்தவைதான்.

இன்றைக்கு நமக்குத் தகவல் பஞ்சம் இல்லை. போன வருஷம் போனில் எடுத்த ஒரு போட்டோவைத் தேட ஆரம்பித்தால் அரை மணி நேரம் போய்விடுகிறது. சேவ் பண்ணி வைத்த கட்டுரை எங்கே என்று தெரியவில்லை. ஆபீஸ் டிரைவில் ஃபைனல், ஃபைனல் 2, புதிய ஃபைனல் என்று கிடக்கும் ஃபைல்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இருக்கிறது, ஆனால் கிடைக்காது. ரங்கநாதன் 1924-ல் பார்த்துச் சலித்த அதே அறைதான், இப்போது நம் பாக்கெட்டில் இருக்கிறது.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 12-ஆம் தேதி அவர் நினைவாகத் தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அடுத்த முறை நூலகத்துக்குப் போகும்போது, புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன லேபிளை ஒரு நிமிஷம் பாருங்கள். அந்தப் புத்தகம் உங்கள் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று, உங்களை ஒருபோதும் பார்க்காத யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதிய நம்பர் அது.